கோடு போட்டவர்கள் – 17: வலை உலர்த்தும் உரிமை

பெருபாரி பற்றிய சென்ற அத்தியாயம் வந்த மறுநாள் காலை, அசோக் தூணுக்குப் பக்கத்து டீக்கடையில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலேயே இரண்டு கட்டிடம் தள்ளி வீடு. முப்பது வருஷம் செயினும் தியோடலைட்டுமாக ஊர் ஊராக அலைந்த மனிதர் என்பதால், கோடு என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

"என்ன சார், வங்காளத்துல இருக்கிற ஒரு துண்டு நிலத்துக்கு ஒரு வாரம் பூரா எழுதுறீங்க. நம்ம கச்சத்தீவை எப்பதான் எடுப்பீங்க? வலை உலர்த்துற உரிமை ஒப்பந்தத்துலயே இருக்கு. அஞ்சாவது ஷரத்து. அதையே அவன் மதிக்க மாட்டேங்குறான்."

அடுத்த நாள், கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் வாசகத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்தாவது ஷரத்தைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"வலை எங்க சார்?"

வலை அதில் இல்லை. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்காக இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. ஐந்தாவது ஷரத்து சொல்வது அவ்வளவுதான். மேடைகளிலும் பேட்டிகளிலும் துண்டறிக்கைகளிலும் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லியே வலை அந்த வாசகத்துக்குள் புகுந்துவிட்டது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். இந்தத் தொடருக்காக உட்கார்ந்து படிக்கும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தீவைச் சொல்லிவிடுகிறேன். 285 ஏக்கர் சொச்சம். நீளம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, ஆகவே குடியிருப்பும் கிடையாது. ராமேசுவரத்திலிருந்து பதினான்கு கடல் மைல் போல; அந்தப் பக்கம் நெடுந்தீவிலிருந்து அதைவிடக் கொஞ்சம் குறைவு. நெடுங்காலம் இருந்தது ஒரே கட்டிடம், அந்தோணியார் கோயில். தொண்டிக்குப் பக்கத்து நம்புதாளையைச் சேர்ந்த சீனிகுப்பன் படையாட்சி போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது என்பது வழிவழியாக வரும் செய்தி. மாசி, பங்குனி வாக்கில் திருவிழா. இரண்டு கரையிலிருந்தும் படகுகள் வரும்.

நம் நில அளவைக்காரருக்கு இன்னொரு எண்ணும் மனப்பாடம்: சர்வே எண் 1250, ராமேசுவரம் கிராமம். ராமநாதபுரம் ஜமீனின் பதிவேடுகளில் தீவு அப்படித்தான் இருந்தது. சேதுபதிகள் அதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு வேண்டியது மீனும் அல்ல, தீவும் அல்ல, சாயவேர். துணிக்குச் சிவப்பேற்றும் அந்த வேரைத் தோண்டி எடுப்பதற்காக 1880-ல் எழுதிய குத்தகையில், கடலோரக் கிராமங்களோடும் மற்றத் தீவுகளோடும் சேர்ந்து கச்சத்தீவின் பெயரும் வருகிறது. ஜெர்மனியில் செயற்கைச் சாயம் வந்து சாயவேரின் மதிப்பைக் குலைத்தபின்னும் குத்தகை தொடர்ந்தது. 1913-ல் எடுத்தது வெள்ளைக்கார அரசே.

ராஜாவின் உரிமைக்குச் சான்று தேடினால் காகிதம் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. அந்தக் கடலில் இறங்கியவனின் உரிமைக்கு? ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1904-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சட்ட அறிக்கைகளில் அதன் பெயர் 'அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல்'. ராமநாதபுரம் கடலில், கரையிலிருந்து ஐந்து மைல் போலத் தள்ளியிருந்த சங்குப் படுகையில் அனுமதியில்லாமல் சங்கெடுத்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத கடல்தானே, அங்கே எடுத்தால் திருட்டாகுமா என்பது கேள்வி. பாக் நீர்ப்பரப்பு திறந்த கடல் அல்ல, நெடுங்காலப் புழக்கத்தால் நாட்டின் பகுதியாகவே ஆகிவிட்ட நீர், அந்தச் சங்குப் படுகையும் அனுபவ பாத்தியதையால் ராஜாவுக்கு உரியது என்றது நீதிமன்றம். சர்வதேசக் கடற்சட்டப் புத்தகங்கள் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றன. எழுபது ஆண்டு கழித்து இரண்டு நாடுகளும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற சொல் வருகிறது. புழக்கம் என்று நீதிமன்றம் சொன்னதே, அந்தப் புழக்கம் யாருடையது? மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கியவனுடையது. அவன் மூழ்கியதால் கடல் ராஜாவுக்குச் சொந்தமாயிற்று, கூண்டில் நின்றதும் அவன் வர்க்கத்தான்தான். இந்த அத்தியாயத்தின் மிச்சக் கதையெல்லாம் இதே வழக்கு பெரிய ஊர்களுக்கு மாற்றலாகிப் போன கதை.

1921 அக்டோபரில் கொழும்பில் ஒரு கூட்டம். சென்னை மாகாணத்தின் சார்பில் காட்டன் என்ற அதிகாரி, இலங்கையின் சார்பில் சுங்க முதன்மை அதிகாரி ஹார்ஸ்பர்க். இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள், ஒரே மன்னருக்கு ஊழியம் செய்பவர்கள். மீன்வளத்தைப் பங்கிட ஒரு கோடு வேண்டும். நடுக்கோடு என்று போட்டால் கச்சத்தீவு இந்தியப் பக்கம் வரும். தீவு எங்களுடையது என்று ஹார்ஸ்பர்க் அடித்துப் பேசினார். கடைசியில் தீவுக்கு மூன்று மைல் மேற்கே கோடு வளைந்தது. இது மீன்பிடிக் கோடுதான், ராமநாதபுரத்தாரின் பாத்தியதை இதனால் பாதிக்கப்படாது என்று சென்னைத் தரப்பு எழுதிவைத்தது. மேலிடத்தின் முறையான ஒப்புதல் அந்தக் கோட்டுக்குக் கிடைக்கவே இல்லை. வரைந்த கோட்டை அழிப்பது ஒப்புதல் பெறுவதைவிடக் கடினம் என்பது சர்வே துறையில் எல்லோருக்கும் தெரியும் என்கிறார் என் நண்பர்.

விடுதலைக்குப் பிறகு இரண்டு நாடுகளும் மாறி மாறித் தீவின் மீது படைப் பயிற்சி அறிவிப்பதும் மற்றவர் ஆட்சேபிப்பதுமாக ஐம்பதுகள் கழிந்தன. அரசின் தலைமை வழக்கறிஞர் சீதல்வாட், சான்றுகளைத் தராசில் வைத்தால் தட்டு இந்தியாவின் பக்கமே சாய்கிறது என்று கருத்துச் சொன்னார். நேருவோ 1961-ல் எழுதிய குறிப்பில், இந்தச் சின்னத் தீவை நான் ஒரு பொருட்டாகவே கருதவில்லை, விட்டுக்கொடுக்கத் தயங்கமாட்டேன் என்ற தொனியில் முடித்துவிட்டார். டெல்லியின் மேசையில் அப்போது வேறு கணக்குகள் இருந்தன. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரைப் பங்கிட்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964-ல் வந்தது. அதில் மிச்சம் வைத்த ஒன்றரை லட்சம் பேரை 1974 ஜனவரியில் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொள்ள முடிந்த இரண்டு அரசுகளுக்கு, ஆளில்லாத தீவு ஒரு தொல்லையா? இடையில் 1971 போர் வேறு. கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டதை டெல்லி மறந்துவிடவில்லை. இலங்கையை நம் பக்கம் வைத்திருக்க வேண்டும் என்ற கவலை அங்கே பிறந்தது. 1974 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம். அண்டை அயலார் மிரண்டிருந்த நேரம். அடுத்த மாதமே தீவு போயிற்று.

1974 ஜூன் 19. வெளியுறவுச் செயலர் கேவல் சிங் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து முதலமைச்சர் கருணாநிதியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் அரசுக் குறிப்பு 2024 தேர்தல் சமயத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்து பெரிய சண்டையைக் கிளப்பியது நினைவிருக்கும். முதலமைச்சர் அரைமனதாக இசைந்தார், வெளியில் ஆதரிக்க இயலாது என்றார், கொஞ்சம் தள்ளிப்போட முடியாதா என்று கேட்டார் என்பது குறிப்பின் சாரம். தி.மு.க. அதை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 21-ல் சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் கொண்டுவந்ததையும், மக்களவையில் இரா. செழியன் எழுந்து எதிர்த்ததையும் காட்டுகிறது. ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் எதிர்த்துப் பேசினார். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்ற இந்தச் சண்டையில் எனக்கு ருசி குறைவு. ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மீனவரிடமாவது டெல்லியோ கோட்டையோ கேட்டதாக எந்தக் குறிப்பிலும் நான் காணவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

வங்காளத்துப் பெருபாரி நிலத்தை விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டியிருந்ததே, இதற்கு ஏன் இல்லை? சென்ற வாரம் படித்தவர்கள் கேட்பீர்கள். தீவு நம்முடையது என்று தீர்ந்திருந்தால்தான் அது தாரைவார்ப்பு. தகராறில் இருந்ததைத் தீர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான் என்பது டெல்லியின் பதில்.

ஆறு புள்ளிகள், அவற்றை இணைக்கும் வளைவுகள். பாக் நீரிணையிலிருந்து ஆதம் பாலம் வரை ஒப்பந்தக் கோடு அப்படித்தான் ஓடுகிறது. தீவுக்கு மேற்கே ஒரு மைலில். ஐந்தாவது ஷரத்தைப் பார்த்தோம். யாரும் பேசாதது ஆறாவது ஷரத்து: இரு நாட்டுப் படகுகளும் கப்பல்களும் ஒன்றின் நீர்ப்பரப்பில் மற்றது மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும். மீன் என்ற சொல் அதிலும் இல்லை. மீனவர் உரிமை காக்கப்பட்டிருக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் சொன்னபோது, அதற்கு ஆதாரம் இந்த இரண்டு மங்கலான வாக்கியங்கள்தாம்.

மங்கலும் நெடுநாள் நிற்கவில்லை. 1976 மார்ச் 23-ல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை போட்டார்கள். அன்றே கேவல் சிங்கும் இலங்கையின் செயலர் ஜயசிங்கவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலும் பொருளாதார மண்டலத்திலும் வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது. கதை முடிந்தது. நெருக்கடிநிலைக் காலம், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, ஜனவரி 31-ல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுக்குப் பதில் குடியரசுத் தலைவர் ஆட்சி. 1974-ல் தீவுக்காக எழுந்த கூச்சலில் கால்வாசிகூட 1976-ல் எழவில்லை. தீவைக் கொடுத்த ஆண்டு எல்லோருக்கும் தெரிகிறது. மீனைக் கொடுத்த ஆண்டைக் கேட்டுப்பாருங்கள்.

இனி வலைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தங்கச்சிமடத்தில் எண்பதைத் தொட்ட ஒரு பெரியவரோடு ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். பாய்மரம் கட்டிய வத்தையில் போனவர். பருத்தி நூல் வலையாம் அப்போது. மரப்பட்டை காய்ச்சிய சாயத்தில் முக்கி எடுப்பார்களாம். ஈரத்தோடு சுருட்டிப் போட்டால் இரண்டே நாளில் நூல் மக்கி, இழுத்தால் கையோடு வரும். "பிள்ளையக் குளிப்பாட்டித் தொவட்டுற மாதிரி, தம்பி" என்றார். ராத்திரிப் பாடு முடிந்ததும் கச்சத்தீவு மணலில் வலையை விரித்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே கஞ்சி. நெடுந்தீவுக்காரர்களும் அங்கேயே வந்து விரிப்பார்கள். திருவிழாவுக்கு இங்கிருந்து கைலி போகும், அங்கிருந்து வாசனை சோப்பு வரும். பெண் பார்ப்பதும் அங்கேயே. "அப்புறம் நைலான் வந்துச்சு. உதறிச் சுருட்டிப் போட்டுட்டு வந்துடலாம். காயவைக்க எவன் தீவுக்குப் போறான்?"

எப்போது வந்தது என்று கேட்டேன். அறுபதுகளில் என்றார். 1974-ல் காப்பாற்றியதாகச் சொல்லப்பட்ட உரிமை, ஒப்பந்தம் எழுதும் முன்பே பயனற்றுப் போயிருந்தது. ஏட்டில் இல்லாத ஓர் உரிமை, கடலிலும் வேண்டாமல் போய்விட்டது. அதற்காகத்தான் இத்தனை தீர்மானங்கள்.

நைலானோடு கூடவே இன்னொன்றும் வந்தது. நார்வே உதவியோடு 1950-களில் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இயந்திரப் படகுத் திட்டம். அரசு மானியமும், வெளிநாட்டுக்குப் போன இறாலின் விலையும் சேர்ந்து எழுபதுகளில் பாக் நீர்ப்பரப்பை இழுவைப் படகுகளால் நிரப்பின. இழுவை மடியைப் பக்கத்தில் பார்த்தால்தான் புரியும். இரண்டு கனமான பலகைகள் தண்ணீருக்குள் விலகி ஓடி மடியின் வாயைத் திறந்து வைத்திருக்கும். அடிக் கயிற்றில் கட்டிய பாரம் தரையை உரசிக்கொண்டே போகும். பவளம், கடற்புல், குஞ்சு, முட்டை, முன்னே போனவன் விட்ட நண்டு வலை, எல்லாம் மடிக்குள். நம் கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் வெட்டுக்குத்து நடந்து, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வந்தது. 1983-ன் தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ராமேசுவரத்திலிருந்து கோடே பன்னிரண்டு பதின்மூன்று மைலில். மிஞ்சும் பட்டையில் நூற்றுக்கணக்கான இழுவைப் படகுகள் எத்தனை நாள் சுற்றும்? மறுகரையில் போர். 1983 முதல் 2009 வரை யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழ் மீனவனைக் கடலுக்கே விடவில்லை, விட்டாலும் நேரக் கட்டுப்பாடு. அந்தக் காலி நீரில்தான் நம் படகுகள் கொழித்தன. சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் நம்மவர்கள்தான். குருவியைச் சுடுவதுபோல் சுட்டார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது மிகையில்லை.

போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, இரவில் போட்ட வலை காலையில் இல்லை. வழக்கமாகச் சிங்களக் கடற்படை என்றே இங்கே பேசி முடித்துவிடுகிறோம். வடமராட்சியிலும் நெடுந்தீவிலும் நின்று 'உங்கட ட்றோலர்' என்று வைகிறவன் பேசுவது தமிழ். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. 2015 மார்ச்சில் சென்னையில் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். இழுவையைக் கைவிட மூன்று ஆண்டு தவணை, அதுவரை ஆண்டுக்கு 83 நாள் அனுமதி என்று நம்மவர் கேட்டார்கள். அவர்கள் தலையசைக்கவில்லை. பாரம்பரிய உரிமை என்று நாம் சொல்லும்போது, எந்தப் பாரம்பரியம் என்று அவர்கள் கேட்பதற்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை என்றே நினைக்கிறேன். தங்கச்சிமடத்துப் பெரியவருக்கு அந்த உரிமை உண்டு. ஒன்றுக்கு மேல் இழுவைப் படகு வைத்திருக்கும் முதலாளிக்கு உண்டா?

இந்தக் கேள்வியை உலகம் சந்திக்காமல் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூ கினிக்கும் நடுவே டாரஸ் நீரிணை. கோட்டை எங்கே போடுவது என்று எழுபதுகளில் இதே போல இழுபறி. பாப்புவாக் கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கும் சைபாய்த் தீவு ஆஸ்திரேலியாவின் பக்கம். கோட்டை நகர்த்தாதே என்று தீவுவாசிகளே இயக்கம் கட்டிப் போராடினார்கள். 1978 டிசம்பரில் கையெழுத்தாகி 1985-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு போட்டது, கடலடித் தரைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. நடுவே ஒரு காப்பு மண்டலம். இரு பக்கத்துப் பூர்வகுடிகளும் பாஸ்போர்ட் விசா இல்லாமல் போய்வரலாம். மரபுவழி மீன்பிடிப்பு என்றால் என்ன, யார் அதற்கு உரியவர் என்பதெல்லாம் வாசகத்திலேயே விளக்கப்பட்டிருக்கிறது. 'இதுவரை போலவே' என்று எழுதிவிட்டு எழுந்து போகவில்லை. செங்கடலில் ஹனீஷ் தீவுகளுக்காக எரித்திரியாவும் ஏமனும் சுட்டுக்கொண்டன. 1998-ல் நடுவர் மன்றம் முக்கியத் தீவுகளை ஏமனுக்குக் கொடுத்தது. இரு நாட்டுச் சிறு மீனவர்களும் பழையபடி பிடிக்கலாம் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டுத் தீர்ப்பில், அந்த உரிமை கைத்தொழில் மீனவனுக்குத்தான், பெருந்தொழிலுக்கு இல்லை என்று தெளிவாக்கிவிட்டது. யாருக்கு நாடு, யாருக்குக் கடல் என்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் டீ கிளாஸை வைத்துவிட்டு எதிரே தூணைப் பார்த்தார். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் அண்டை நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபர்ணி வரை. அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குக்கும் மருந்துச் செடி நட்டதாகச் சொல்கிறார். எல்லை எங்கே என்று சொல்லவில்லை. நூறடி ரோட்டில் மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் இடையில் நாலு சிங்கங்களும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மிச்சம் சுருக்கமாக. ஜெயலலிதா 2008-ல் உச்ச நீதிமன்றம் போனார், பின்னர் மாநில அரசும் சேர்ந்துகொண்டது. தீவு திரும்ப வேண்டுமென்றால் போருக்குத்தான் போகவேண்டும் என்று 2014-ல் அரசுத் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி நீதிமன்றத்திலேயே சொன்னார். 2016 கடைசியில் பழைய கோயிலுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை கட்டிய புதிய கோயில் திறக்கப்பட்டது. 2024-ல் மட்டும் கைதான தமிழக மீனவர்கள் ஐந்நூறுக்கும் மேல். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் மறுபடி ஒரு தீர்மானம் போட்டது. செப்டம்பர் முதல் தேதி இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க தீவில் போய் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார். ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு எழுபது சதவீத மானியத்தோடு 2017-ல் தொடங்கிய திட்டம், பாக் நீர்ப்பரப்பின் இழுவைப் படகுகளைக் குறைத்துவிடவில்லை.

நண்பர் விடுவதாக இல்லை. "எல்லாம் சரி சார், 1976-ல நமக்கு ஒண்ணுமே கிடைக்கலையா?"

கிடைத்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் கொழிக்கும் மேடு. தலைமுறைகளாக இலங்கை இழுவைக் கப்பல்கள் மேய்ந்த இடம் அது. கோடு அதை நமக்குக் கொடுத்தது. அவர்களுக்கு ஆறு கப்பல், மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 2,000 டன் என்று தவணை கொடுத்து வெளியே அனுப்பினோம். அங்கே எண்ணெய் தோண்டலாமா என்று இப்போது குமரி மாவட்டத்துக் கரை முழுக்கப் பேச்சு. அது அடுத்த வாரம்.

(தொடரும்)